குளிரும் ஒரு விரதமும்

குளிர்நாடுகளில் ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்குத் தொடங்குகின்றது. வீட்டைச் சூடாக்கும் கருவியை இன்றே இயக்குவதா, இன்னுஞ் சில நாட்கள் பொறுப்பதா என்பதே அவ்வழக்கு. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. பிள்ளைகள் ஒரு கட்சி, முதியோர் ஒரு கட்சி. நீதிபதி எவரும் இலர். தீர்ப்புக் கூறுவது பெரும்பாலும் வானிலையே. எமது கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று இங்கிலாந்திலும் கனடாவிலும் பிற குளிர்நாடுகளிலும் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் இல்லங்களிலும் இவ்வழக்கு ஆண்டுதோறும் விசாரணைக்கு வருகின்றது.

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்வி, சமயம், தமிழ் என்னும் பெரும்பொருள்களை அறிஞர்களுக்கு விட்டு, இச்சிறு பொருளை நாம் எடுத்துக்கொண்டோம். சிறு பொருளேயாயினும் சிக்கனம், மானம், அன்பு என்னும் மூன்றும் இதனுள்ளே ஒன்றோடொன்று பிணங்கி நிற்பதை அன்பர்கள் காண்பார்கள்.

ஊரிலிருக்கும் மாணவர்க்கு முதலிற் குளிர் இன்னதென்று கூறவேண்டும். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அருமை. (இக்கட்டுரையிற் கூறும் பாகைகள் யாவும் சதம அளவையின.) அந்தக் குளிருக்கே நாம் காதைப் பொத்தித் துவாய் கட்டிக்கொண்டு திருவெம்பாவைக்குப் புறப்பட்டோம். கிணற்றடியிலே முதல் வாளி நீரைத் தலையில் ஊற்றுமட்டும் நடுக்கம். ஊற்றியபின்னர், நீர் இளஞ்சூடாயிருப்பது கண்டு வியப்பு. நிலத்தின் ஆழத்திலுள்ள நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிற்க, வெளிக்காற்று மட்டும் விடியலிற் குளிர்ந்துவிடுவதே அதற்குக் காரணம் என்று பின்னர் விஞ்ஞான வகுப்பில் அறிந்தோம்.

இலண்டனிலே ஒக்டோபர் மாதத்து நடுப்பகல் 15 பாகையை ஒட்டி நிற்கும். இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கும். தை மாதத்திலோ பகலும் இரவும் சேர்ந்த சராசரியே 5 அல்லது 6 பாகைதான். ஆயினும் வெளியே குளிர் தொடங்கிய அன்றே வீடு குளிர்ந்துவிடுவதில்லை. மண்ணைப்போலவே செங்கல்லும் வெப்பத்தை ஏற்று மெல்ல விடும் இயல்பினது. பகலில் வெயிலேற்ற சுவர் இரவில் அதனைக் கொடுத்துதவும். தொடர்ந்து சில நாட்கள் சூரியன் முகங்காட்டாதொழிந்தாற் சுவர் தன் சேமிப்பை இழந்துவிடும். சுவர் குளிர்ந்தபின் உடம்பின் வெப்பத்தை அது ஈர்க்கத் தொடங்கும். வழக்கு மூள்வது அந்த நாளிலேதான்.

அங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவற்றைச் சூடாக்குவது வாயுவால் எரியும் ஒரு கொதிகலன். அது காய்ச்சிய நீர் குழாய்வழியே ஓடி, ஒவ்வோர் அறையிலும் யன்னலின் கீழ்ப் பொருத்தியிருக்கும் இரும்புத் தகட்டுப் பெட்டிகளைச் சூடாக்கித் திரும்பிவரும். அப்பெட்டிகளை எம்மவர் ‘ஹீற்றர்’ என்பர். எத்தனை பாகை வேண்டுமென்று சுவரிலுள்ள சிறு கருவியொன்றிற் குறித்துவிட்டால் மீதியைக் கொதிகலன் பார்த்துக்கொள்ளும். ஒரு விரலசைவிலே வீடு முழுவதுஞ் சூடாகும். இத்துணை எளிதான செயலை மக்கள் ஏன் நாட்கணக்கிலும் கிழமைக்கணக்கிலும் ஒத்திவைக்கின்றனர்?

குளிருக்கு அணியமாதல் எமது முன்னோர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் பாடினார். அதிலே கூதிர்காலம் வந்ததும் கோடைக்குரிய சாளரங்கள் தாழிடப்படுகின்றன. விசிறிகள் மடிக்கப்பட்டுச் சிலந்திநூல் படியத் தொங்குகின்றன. அகன்ற வாயையுடைய தடாவிலே நெருப்பு மூட்டப்படுகின்றது. மழையில் நனைந்த ஆயர் கொள்ளியிற் கைகாய்ச்சியும் நடுக்கந் தீராது நிற்கின்றனர். மாடத்திலிருப்போர்க்குத் தடாவும் வெளியில் நிற்போர்க்குக் கொள்ளியும் என்னும் வேறுபாட்டைப் புலவர் கண்ணுற்றிருக்கின்றார். குளிர் எல்லார்க்கும் ஒன்றே; நெருப்பு மட்டும் ஒன்றன்று.

ஆங்கிலேயரின் பொறுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. பல நூற்றாண்டுகளாக அவர்களது வீட்டின் நெருப்பு, அறைச்சுவரிலமைந்த திறந்த அடுப்பிலே எரிந்த நிலக்கரியாகும். அவ்வடுப்பின் வெப்பத்திற் பெரும்பங்கு புகைபோக்கிவழியே வானத்துக்கே போயிற்று. இரம்பர்ட்டுப் பிரபு என்னும் விஞ்ஞானி 1796ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து, அடுப்பின் வாயையும் புகைபோக்கியின் கழுத்தையும் ஒடுக்கி, வெப்பம் அறைக்குள் வீசுமாறு செய்யும் வகையை எழுதினார். அதன் பின்னரும் நெருப்பை நோக்கிய முகம் வேகவும் முதுகு உறையவும் இருந்ததே அந்நாட்டு வாழ்க்கை. 1952 டிசெம்பர் 5ஆம் நாள் முதல் 9ஆம் நாள்வரை நிலக்கரிப் புகை பனிமூட்டத்தோடு கலந்து இலண்டனை மூடிற்று. அதனால் இறந்தோர் 4,000 பேர் என அக்காலத்திற் கணித்தனர். பிந்திய ஆய்வுகள் அத்தொகையை 12,000 வரை உயர்த்தின. 1956இல் தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. 1965இல் வடகடலில் வாயு கண்டுபிடிக்கப்பட்டு, 1967 தொடங்கிப் பத்தாண்டுகளில் நாட்டின் வாயுக்கருவிகள் யாவும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. ஆயினும் 1970இற்கூட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளிலேதான் குழாய்வழிச் சூடாக்கல் இருந்தது. யன்னற் கண்ணாடியின் உட்புறத்தே உறைபனி கோலமிட்ட அறையில் உறங்கி எழுந்த பிள்ளைகளே இன்றைய ஆங்கிலேய முதியோர். கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளும் நாள், அஃதாவது ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, வருமுன் சூடாக்கியைத் தொடுவதில்லை என்னும் விதியை அவர்களிற் பலர் ஒரு நோன்பாகக் காப்பதில் வியப்பில்லை.

1950களிலும் 1960களிலும் மேற்படிப்புக்காக இலண்டன் சென்ற எமது மூத்தோரும் இக்குளிரை அறிந்தவர்களே. வாடகை அறையின் மூலையிலே ஒரு வாயுக் கணப்பு; அதற்கு முன்னே ஒரு மானி. மானியின் வாயில் ஒரு சிலிங் நாணயத்தை இட்டால் நெருப்பு எரியும். நாணயத்தின் பெறுமதி தீர்ந்ததும் அணைந்துவிடும். அன்றேல் மண்ணெண்ணெயில் எரியும் சிறு கணப்பொன்றை வாங்கி வைத்துக்கொள்வர். அறையெங்கும் அதன் மணம் ஏறும். கோட்டிலும் புத்தகத்திலும் தங்கும். நூலகத்திலே இரவுமட்டும் இருந்து படித்தோம் என்று அவர்கள் பெருமையோடு கூறுவதுண்டு. நூலகம் இலவசமாகச் சூடாயிருந்தது என்பதையும் சிலர் சிரித்தபடி சேர்த்துக்கொள்வர்.

இனி இப்பொறுமையாற் கிடைக்கும் ஊதியத்தைக் கணக்கிடுவோம். வெளியே சராசரி 15.5 பாகை இருக்குமட்டும் ஒரு சாதாரண வீட்டுக்குச் செயற்கைச் சூடு வேண்டியதில்லை என்று பிரித்தானியப் பொறியியலார் கொள்வர். மீதியை அடுப்பும் விளக்கும் யன்னல்வழி வரும் வெயிலும் அங்கு வாழ்வோர் உடம்புமே நிறைத்துவிடும். ஓய்ந்திருக்கும் ஒரு மனிதன் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றான். பழைய மின்குமிழ் ஒன்றுக்கு அவன் நிகராவான். இனி, வெளியே 12 பாகையுள்ள ஐப்பசி நாளொன்றில் நிறைக்கவேண்டிய குறை 3.5 பாகை. 5 பாகையுள்ள தை நாளொன்றிலோ அது 10.5 பாகை. ஆகவே தையின் ஒருநாட் செலவு ஐப்பசியின் மூன்று நாட் செலவுக்கு ஒப்பாகும். ஐப்பசியில் இரண்டு கிழமை பல்லைக் கடித்துப் பொறுத்தவர், தையில் ஐந்து நாளுக்குங் குறைந்த செலவையே மீதப்படுத்துகின்றார். குளிர்காலம் முழுவதும் சுவர்க் கருவியை ஒரு பாகை தாழ்த்தி வைப்போர்க்குப் பத்திலொரு பங்கு எரிபொருள் மிஞ்சும் என்பது அங்கு வழங்குங் கணக்கு. ஒத்திவைத்தலினும் தாழ்த்திவைத்தலே பெரிய சிக்கனமாகும். ஆயினும் ஒத்திவைத்தோரே அயலவரிடத்துப் பெருமை பேசுவர், தாழ்த்திவைத்தோர் பேசுவதில்லை. இவ்வழக்கிலே பணத்தைவிட மானமே பெரிய கட்சிக்காரன் என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கிற் சேராத செலவொன்றும் உண்டு. அது ஈரம். 20 பாகையிலுள்ள ஒரு கன மீற்றர்க் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமையே தாங்கும். எஞ்சியது நீராகிக் குளிர்ந்த சுவரிலும் யன்னலிலும் வழியும். நால்வர் வாழும் வீட்டிலே மூச்சாலும் குளிப்பாலும் சமையலாலும் உடையுலர்த்தலாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லீற்றர் நீர் காற்றிற் கலக்கின்றது. சோறு வடித்து இடியப்பமும் பிட்டும் அவிக்கும் எம்மவர் குசினியின் பங்கு இதில் எளிதன்று. ஊரிலே அந்த ஆவி ஓட்டிடுக்காலும் யன்னலாலும் தானே வெளியேறிற்று. இங்கோ குளிருக்கு அஞ்சி யாவும் அடைக்கப்பட்டிருக்கின்றன. சூடாக்காத வீட்டில் அலுமாரியின் பின்னே, கட்டிலின் தலைமாட்டிலே, சுவர் மூலையிலே கரும்பூஞ்சணம் படரும். குழந்தைகளின் நெஞ்சுக்கு அது பகை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியிலே, குளிர்காலத்து வீட்டின் உள்வெப்பம் 18 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்றும், முதியோர்க்கும் சிறுவர்க்கும் நோயாளர்க்கும் அதனினும் கூடிய வெப்பம் வேண்டற்பாலது என்றும் கூறியிருக்கின்றது. குளிர் குருதியமுக்கத்தை உயர்த்தும். மாரடைப்பும் பாரிசவாதமும் சுவாச நோயும் அக்காலத்தில் மிகும். வயது முதிர முதிரக் குளிரை உணரும் ஆற்றலும் மழுங்கிவிடுவதால், ‘எனக்குக் குளிரவில்லை’ என்னும் முதியவரின் சொல்லைச் சான்றாகக் கொள்ளவும் முடியாது.

இவ்விடத்தே எமது இல்லத்து நிகழ்ச்சியொன்றைக் கூறுவது பொருந்தும். எமது தாயார் தமது எழுபதாம் வயதின்மேல் எம்மிடம் வந்து நான்கு குளிர்காலங்கள் இருந்தார். காலையில் நாம் வேலைக்குப் புறப்படும்போது வீடு சூடாயிருக்கும். நாம் வாயிலைத் தாண்டியதும் அம்மா எழுந்துசென்று சுவர்க் கருவியைத் திருப்பி அணைத்துவிடுவார். மாலையில் நாம் திரும்புவதற்கு ஒரு மணி நேரத்தின் முன் மீண்டும் இயக்கிவிடுவார். ஒருநாள் மருமகள் நண்பகலிலே எதிர்பாராது வீடுதிரும்பினாள். சேலைக்கு மேல் இரண்டு சுவெற்றர். அவற்றின் மேல் மகனுடைய பழைய கோட்டு. தலையைச் சுற்றிச் சால்வை. மடியிலே தேவாரப் புத்தகம். அக்கோலத்தில் மாமியார் அமர்ந்திருந்தார்.

“ஏன் மாமி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கலாமே?”

“எனக்கென்ன பிள்ளை, நான் ஒராள். ஒராளுக்காண்டி ஒரு வீட்டை முழுக்க எரிக்கிறதே?”

இச்சொல்லின் வேர் எங்கே என்பதை எமது வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டிற் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் பெறுதற்கரிய பொருளாயிற்று. சிறு போத்தலொன்றின் அடியிற் பஞ்சையிட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, நூல்போன்ற திரியை ஏற்றி, அவ்வொளியைச் சுற்றி நான்கு பிள்ளைகள் இருந்து படித்தார்கள். அத்திரியின் உயரத்தை நகத்தளவு குறைத்தும் கூட்டியும் பரீட்சைக்காலம் முழுவதற்கும் எண்ணெயை வரச்செய்தவர்கள் தாய்மாரே. அவ்விளக்கிற் படித்துப் பல்கலைக்கழகம் சென்றோர் இம்மலரை வாசிப்போருள்ளும் பலர் இருப்பர். அக்காலத்துச் சிக்கனம் ஒரு குணமன்று; அது உயிர்காத்த கல்வி. கல்லாத பாடத்தைக் கற்பிக்கலாம். உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை மறக்கச் செய்வது எவ்வாறு?

வைத்தியர் சொன்னதாகச் சொன்னோம். அம்மா தலையசைத்தார், ஆனால் அணைப்பதை நிறுத்தவில்லை. பணம் பெரிதல்ல என்றோம். பணம் பெரிதல்ல என்று சொல்பவர்மீது அவருக்கு எக்காலத்தும் நம்பிக்கையில்லை. ஈற்றிலே அவருடைய அறை அலுமாரியை இழுத்து, அதன் பின்சுவரிற் படர்ந்திருந்த கறுப்பைக் காட்டினோம். “அம்மா, இது உங்களுக்கில்லை, வீட்டுக்கு. சுவர் ஈரம் பிடிச்சால் வீடு பழுதாப்போகும்” என்றோம்.

அம்மா சுவரை விரலாற் தொட்டுப் பார்த்தார். “வீட்டுக்கெண்டால் போடத்தானே வேணும்” என்றார்.

அன்று தொட்டுச் சுவர்க் கருவியின் காவலர் அவரேயாயினார். எவரேனும் கதவைச் சாத்தாது விட்டால் அதட்டுவார். யன்னலிலே நீர் வழிந்தாற் சீலைத்துண்டால் ஒற்றியெடுப்பார். தமக்காக ஒருநாளும் வேண்டாத சூட்டை வீட்டுக்காக வேண்டி நின்றார். நாம் அவரிடம் கூறியது பொய்யன்று; முழு உண்மையும் அன்று. கேட்டுப் பெறுவதை இழிவென்று கருதிய தலைமுறையினர்க்கு, கேளாமலே கொடுப்பதற்கு ஒரு வாயில் வேண்டியிருந்தது. அவ்வாயில் ஒரு சுவரின் வடிவில் அகப்பட்டது.

அம்மாவிடம் அணைக்கும் விருப்பமும் இருந்தது; இயக்கும் வசதியும் இருந்தது. இரண்டாவது இல்லாதவர் பலர். உக்கிரேன் யுத்தம் மூண்ட 2022ஆம் ஆண்டில் ஐரோப்பா எங்கும் வாயுவின் விலை ஏறிற்று. பிரித்தானியாவிலே சராசரி வீடொன்றின் ஓராண்டு மின்சார, வாயுச் செலவு 2021 ஒக்டோபரில் 1,277 பவுணாகக் கணிக்கப்பட்டது. 2022 ஒக்டோபரிலோ, அரசு இடையிட்டுத் தாங்கிய பின்னரும், அது 2,500 பவுணாயிற்று. அக்குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் பகல் முழுவதும் கதவைத் திறந்து வைத்து, வீட்டைச் சூடாக்க இயலாதோரை வந்திருக்க அழைத்தன. எமது மூத்தோர் சிலிங் நாணயத்துக்கு அஞ்சி நூலகம் புகுந்த காலம் மீண்டும் வந்ததுபோலும். முற்பணம் இட்டால் மட்டுமே இயங்கும் மானிகள் இன்றும் ஏழையர் வீடுகளில் உள்ளன. பணந் தீர்ந்தால் ஒருவரும் வந்து துண்டிக்க வேண்டியதில்லை. நெருப்புத் தானே அணைந்துவிடும். முதியோர்க்கு 1997 முதல் வழங்கப்பட்டுவந்த குளிர்கால எரிபொருட் கொடையை அரசு 2024இல் மிக வறியோர்க்கு மட்டும் என ஒடுக்கி, எதிர்ப்புக் கண்டு 2025இல், ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாதோர்க்கு மீண்டும் விரித்தது. அரசுக்கே ஒரு முடிவில் நிற்பது அரிதாயிருக்கின்றது.

பொறுப்பதா, இயக்குவதா என்னும் முடிவை மனிதரிடம் விடாத நாடுகளும் உண்டு. பெய்ஜிங் நகரிலே பொதுச் சூடாக்கல் வழக்கமாக நவம்பர் 15ஆம் நாள் தொடங்கி மார்ச் 15ஆம் நாள் நிற்கும். இடையிற் குளிர் முந்தினால் மக்கள் காத்திருக்க வேண்டியதே. நியூயோர்க் நகரில் ஒக்டோபர் முதலாம் நாள் முதல் மே 31ஆம் நாள்வரை வாடகைவீட்டைச் சூடாக்கித் தருவது வீட்டுடையவனின் கடமை. அதற்குரிய வெப்பநிலைகளையும் சட்டமே விதித்திருக்கின்றது. எம்மவர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் வாடகைக்கு இருப்போர்க்குக் குளிர்காலத்தில் 20 பாகை வெப்பம் உறுதிசெய்யப்பட்டிருக்கின்றது. இச்சட்டங்கள் ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டு பிறந்தவை. விசை ஒருவன் கையிலும் குளிர் இன்னொருவன் உடம்பிலும் இருக்கும்போது, பொறுமை என்பது அறமாகாது.

எமது சமயம் இதனை எப்போதோ தெளிந்திருக்கின்றது. வழக்கு மூளும் அதே ஐப்பசியிலேதான் கந்தசட்டியும் வருகின்றது. ஆறு நாட்கள் உபவாசமிருப்போர் உளர். ஒருநேரம் பாலும் பழமும் கொள்வோர் உளர். ஆயினும் குழந்தைக்கும் நோயாளிக்கும் தளர்ந்த முதியோர்க்கும் அவ்விதியில்லை. எமது இல்லங்களிலே நாம் கண்ட காட்சி என்ன? தாய் விரதமிருப்பாள்; ஆனால் அடுப்பு அணைந்திராது. நீரும் அருந்தாத வாயோடு அவளே பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் பரிமாறுவாள். உப்புச் சரியோ என்று தானே சுவைத்துப் பாராது, பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு துளி விட்டுக் கேட்பாள். விரதமிருப்பவள் பிறருடைய பசியை மறந்துவிட்டால் அது விரதமன்று, வெறும் பட்டினியே.

சூடாக்கியை ஒத்திவைத்தலும் அவ்வாறே. உடல்நலமுள்ள ஒருவர், தாம் விரும்பிய பொழுதிலே முடித்துக்கொள்ளக்கூடிய நிலையிலிருந்து, ஒரு சுவெற்றரை மேலதிகமாய் அணிந்து சில நாட்கள் பொறுப்பாராயின் அது நன்று. எரிபொருள் மிஞ்சும், காற்றிற் கலக்கும் கரியும் அவ்வளவுக்குக் குறையும், உடம்பும் பருவமாற்றத்துக்குப் பழகும். இதனை நாம் விரதம் என்று மதிப்போம். ஆனால் அவ்விதியையே தொட்டிலிற் கிடக்கும் குழந்தைமீதும் அறையைவிட்டு வெளிவராத முதியவர்மீதும் சுமத்துவது விரதமாகாது. வந்த விருந்தினர் கோட்டைக் கழற்றாமலே தேநீர் அருந்துவதைக் கண்டும் நாள்காட்டியைக் காட்டி நிற்பதைச் சிக்கனம் என்றும் சொல்ல இயலாது. உலோபம் என்னும் சொல் தமிழில் முன்னரே உள்ளது.

ஆதலின் குளிர்நாட்டிலுள்ள எமது பழைய மாணவர்க்குச் சில சொல்வோம். நாளைப் பார்த்து வீட்டைச் சூடாக்காதீர்கள். வீட்டிலிருப்போரைப் பார்த்துச் சூடாக்குங்கள். சிக்கனம் வேண்டுமாயின் எவரும் உறங்காத அறையின் ஹீற்றரைப் பூட்டுங்கள், கதவிடுக்கை அடையுங்கள், மாலையானதும் தடித்த திரைகளை இழுத்துவிடுங்கள், சமைக்கும்போது குசினி யன்னலைச் சிறிது திறந்து ஆவியைப் போக்குங்கள். தாய்தந்தையர் உடனிருப்பின் ‘குளிருதோ?’ என்று கேட்டு நிற்காதீர்கள். கேட்டால் ‘இல்லை’ என்பதே மறுமொழியாயிருக்கும். ஒரு சிறு வெப்பமானியை அவர்கள் அறையில் மாட்டிவைத்து, அதனைக் கேளுங்கள்.

இன்னொரு கூட்டத்தாரையும் நினைவூட்டுவோம். செப்ரெம்பர் மாதந்தோறும் எமது ஊரிலிருந்து இளைஞர்கள் படிப்புக்காக அந்நாடுகளில் வந்திறங்குகின்றனர். வாடகை வீட்டின் ஓர் அறையிலே குடிபுகுகின்றனர். சூடாக்கியின் விசை பெரும்பாலும் வீட்டுடையவனிடமே இருக்கும். அவர்களுடைய முதற் குளிர் ஐப்பசியிலே வரும். ஊருக்குத் தொலைபேசியிற் பேசும்போது சுகமாயிருக்கிறோம் என்றே அவர்கள் கூறுவார்கள். தாயிடம் வேறென்ன கூறமுடியும்? முதல் விடுமுறை நாளில் அவ்விளைஞர்களுள் ஒருவரையேனும் உங்கள் இல்லத்துக்கு அழையுங்கள். அன்று ஒருநாள் விரதத்தை விட்டு வீட்டைச் சூடாக்குங்கள். உங்களிடம் மிகையாயிருக்கும் கம்பளிப் போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். ஒரே கிணற்று நீரிற் குளித்து, ஒரே மண்டபத்தில் நின்று தேவாரம் பாடியோர் என்னும் உறவுக்கு, குளிர்நாட்டிலே இதனினும் பெரிய பொருள் வேண்டியதில்லை.

எமக்கு எழுத்தறிவித்த கல்லூரி பல விழாக்கள் கண்டு நீடு வாழ்க! அதன் பிள்ளைகள் எந்நாட்டிலிருப்பினும் தம் இல்லத்து அடுப்பைப் பிறர்க்கும் எரியவிடும் பண்பிலே குன்றாதிருப்பாராக!